பக்கிங்காம் கோமகனார்

பழவேற்காட்டு ஏரியைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களை நாடியே செல்வர். ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையின் எச்சமும் அவர்தம் கல்லறைகளும்; மற்றொன்று, பனிக்காலத்தில் திரள்திரளாக வந்திறங்கும் பூநாரைகள். சென்ற பனிக்காலத்தில் நம் மாணவர் சிலரை உடன்கொண்டு நாமும் அவ்விரண்டையும் காணவே சென்றோம். கோட்டைக்குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவர் தம் படகில் நம்மை ஏற்றிக்கொண்டார். ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிட வேண்டும் என்று ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்ளும் பாட்டு முறையை அவர் விளக்கிக்கொண்டே வந்தார். தெற்கேயிருந்து வரும் கால்வாய் ஏரியோடு கலக்குமிடம் வந்ததும், அது பக்கிங்காம் கால்வாய் என்று சுட்டிக் காட்டினார்.

யார் பெயரால் அது வழங்குகிறது என்று மாணவர் ஒருவர் வினவ, இலண்டன் மாநகரத்து அரச மாளிகையின் பெயரால் என்று மற்றொருவர் விடை பகர்ந்தார். பெரியவர் கழியை ஊன்றியபடியே, தம் பாட்டனார் அவ்வாறு சொன்னதில்லை என்றார். பஞ்சத்தில் கஞ்சி வார்த்த துரையின் பெயர் அது என்று அப்பாட்டனார் சிலகால் சொல்வாராம். கஞ்சிக்காக மண் சுமக்க வைத்த துரையின் பெயர் அது என்று சிலகால் சொல்வாராம். இவ்விரண்டில் எது மெய் என்று பெரியவர் நம்மைக் கேட்டார். கல்லூரியில் கற்பிக்கும் நம்மால் அப்போது விடை கூற இயலவில்லை. நாணத்தோடு திரும்பினோம். அதன்பின் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் மாளிகையை அகற்றிவிடுவோம். அம்மாளிகைக்குப் பெயர் தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தில் இல்லம் எடுத்த ஜான் ஷெபீல்டு என்னும் வேறொரு பக்கிங்காம் கோமகன். நம் கால்வாய்க்குப் பெயர் தந்தவரோ, ரிச்சர்டு பிளாண்டாஜெனட் காம்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில் என்பவர். பக்கிங்காம், சாண்டோஸ் என்னும் இரு பட்டங்களையும் ஒருங்கே தாங்கிய மூன்றாம் கோமகனார். பல பெருங்குடிகளின் மணவுறவுகள் அப்பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் நீண்ட அளவுக்குக் குடும்பத்தின் கடனும் நீண்டிருந்தது.

அவர் பிறந்தது 1823ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள். குடும்பத்தின் தலைமை மனை ஸ்டோ என்பது. அதன் மாளிகையும் பூங்காக்களும் அக்காலத்து ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றவை. தந்தையார் உழவர்களின் நண்பர் எனப் பெயரெடுத்தவர். 1832ஆம் ஆண்டின் தேர்தற் சீர்திருத்தச் சட்டத்தில் குத்தகையாளர்க்கு வாக்குரிமை அளித்த பிரிவு அவர் பெயராலேயே சாண்டோஸ் பிரிவு என வழங்கிற்று. ஆயினும் வரவறிந்து செலவு செய்யும் வழக்கம் அவரிடம் அறவே இல்லை. கடன் வாங்கி நிலம் வாங்குவார். அந்நிலத்தை ஈடுவைத்து மீண்டும் கடன் வாங்குவார். மகனுக்கு 1844இல் இருபத்தொரு வயது நிறைந்தபோது ஸ்டோவில் பெருவிழா நடந்தது. பரம்பரைச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ தடையாயிருந்த கட்டினை நீக்க மகனின் ஒப்பம் வேண்டியிருந்தது. மகனும் தந்தையை நம்பி ஒப்பமிட்டார். 1845ஆம் ஆண்டு சனவரியில் விக்டோரியா அரசியாரும் அவர்தம் கணவரும் ஸ்டோவில் விருந்தினராகத் தங்கினர். அந்த விருந்தின் செலவும் கடனே.

இரண்டே ஆண்டுகளில் யாவும் இடிந்து விழுந்தது. கடன் பத்து இலட்சம் பவுனுக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. தந்தையார் நாட்டை விட்டே அகன்றார். 1848ஆம் ஆண்டு ஸ்டோ மாளிகையின் ஓவியங்கள், சிலைகள், வெள்ளிக் கலங்கள், நாற்காலிகள், திராட்சை மதுப் புட்டிகள் அனைத்தும் நாற்பது நாள் ஏலம் போயின. ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கத் திரண்டது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத மகன், எஞ்சிய நிலத்தின் கணக்கைக் கையிலெடுத்துக்கொண்டு கடன்காரர்முன் உட்கார்ந்தார். தாயார் 1850இல் தந்தையாரை விட்டு நீங்கி மணமுறிவு பெற்றார். தந்தையார் 1861இல் இறந்தது தம் மாளிகையிலன்று, இலண்டனில் ஒரு இரயில்வே ஓட்டலில்.

பிற்காலத்தில் இவர் சென்னையில் கோப்புகளை ஒன்றுவிடாமல் தாமே படித்ததையும், சிறு செலவையும் துருவியதையும் கண்டு, கோமகனுக்குரிய பெருந்தன்மை இல்லை என்று சிலர் குறை கூறினர். நாற்பது நாள் ஏலத்தைக் கண்ணாற் கண்ட ஒருவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டில் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். 1846 முதல் 1857 வரை பக்கிங்காம் தொகுதியின் சார்பில் பாராளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினராயிருந்தார். தம் மாவட்டத்தின் தன்னார்வக் குதிரைப்படையில் அதிகாரியாய்ப் பல்லாண்டு பணிபுரிந்து அதன் தலைமையும் ஏற்றார். அது உள்நாட்டுக் காவற்படை. கடல் கடந்து போர்புரிவது அக்காலத்தில் அதன் கடமையன்று. ஆதலின் அவரைப் போர்க்களம் கண்ட வீரர் என்று நாம் மிகைப்படக் கூற வேண்டியதில்லை. 1852இல் வேல்ஸ் இளவரசரின் முத்திரைக் காப்பாளர் என்னும் அரண்மனைப் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்போது இளவரசருக்கு வயது பத்து. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர் அச்சிறுவரே.

அவருடைய திறமை வெளிப்பட்டது அரண்மனையிலும் அன்று, பாராளுமன்றத்திலும் அன்று, இரயில்வேயில்தான். இலண்டன்-வடமேற்கு இரயில்வே என்பது அந்நாளில் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்று. 1853 முதல் 1861 வரை அதன் தலைவராயிருந்து, ஊதியம் பெற்று உழைத்தார். கோமகன் குலத்தில் பிறந்தவர் கம்பெனி வேலை பார்ப்பது அன்று புதுமை. பின்னர்த் தம் வோட்டன் பண்ணை நிலங்களின் ஊடே சொந்தச் செலவில் ஒரு சிறு இரயில் பாதையும் இட்டார். 1871இல் அது ஓடத் தொடங்கிற்று. விளைபொருளையும் பாலையும் நிலக்கரியையும் மலிவாக ஏற்றிச் செல்ல வழி செய்ய வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் விடாத எண்ணம். இதனை வாசகர் நினைவிற்கொள்க.

1866இல் பிரிவி கவுன்சில் தலைவரானார். 1867 மார்ச்சு முதல் 1868 டிசம்பர் வரை குடியேற்ற நாடுகளின் அமைச்சராயிருந்தார். கனடா மாகாணங்கள் 1867 சூலை 1ஆம் நாள் ஒன்றிணைந்தது அவர் அமைச்சராயிருந்த காலத்திலேயே. ஆயின் அதற்கான சட்டத்தை வகுத்தவர் அவருக்கு முன்னிருந்தவர்.

நிற்க. 1874இல் அவர்தம் மனைவியார் காலமானார். ஆண் மகவு இல்லை, பெண்மக்கள் மூவர். மறு ஆண்டே சென்னை இராஜதானியின் கவர்னர் பதவி அவரைத் தேடி வந்தது. மூன்று பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, 1875 நவம்பரில் பதவி ஏற்றார். அடுத்த மாதமே வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு எழுந்தருளித் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். பத்து வயதுச் சிறுவராயிருந்தபோது எவருக்கு முத்திரை காத்தாரோ, அவரையே கவர்னராக நின்று வரவேற்றார். வாண வேடிக்கையும் ஊர்வலமும் குறைவின்றி நடந்தன. அவருடைய ஆட்சியில் கவலையற்ற நாட்கள் அவையே.

தமிழாண்டு தாது, 1876 ஏப்ரலில் பிறந்தது. தென்மேற்குப் பருவம் பொய்த்தது. ஐப்பசி மழையும் பொய்த்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து நெல்லூர் வரை, பெல்லாரியிலிருந்து சேலம் வரை ஏரிகள் வறண்டன. தானிய விலை இரண்டு மடங்காகி, மூன்று மடங்குமாயிற்று. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இராஜதானியில் ஊர் ஊராக மக்கள் பெயர்ந்து சாலைகளில் நடந்தனர். பலர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இன்னும் பலர் சென்னையை நோக்கி வந்தனர். சென்னைக் கடற்கரையிலோ கப்பல்களில் வந்திறங்கிய அரிசி மூட்டைகள் குன்றுகளாகக் குவிந்திருந்தன. மூட்டையினின்று சிந்திய மணிகளைப் பெண்டிரும் பிள்ளைகளும் மணலோடு அள்ளிச் சலித்தெடுத்தனர், காவலர் விரட்டினர். அரிசி இல்லாமையால் மட்டும் மக்கள் மடியவில்லை. வாங்கக் கையில் காசில்லாமையாலும், உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்ல வழி போதாமையாலும் மடிந்தனர். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கும்மியிலும் கதையிலும் வைத்து நினைவுகூர்ந்தது இதுவே. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் இப்பஞ்சத்தையே பொருளாகக் கொண்டது.

கோமகனார் செய்ததென்ன? 1876ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய அரசாங்கம் 30,000 டன் தானியத்தைத் தானே விலைக்கு வாங்கிற்று. நிவாரண வேலைகளையும் தாராளமாகத் திறந்தது. வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு இது பொறுக்கவில்லை. வணிகத்தில் அரசாங்கம் தலையிடலாகாது. விலை உயர்ந்தால் வணிகர் தாமே தானியத்தைக் கொண்டுவருவர் என்பது அவர் கொள்கை. அதே வேளையில் இந்தியாவினின்று இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நின்றபாடில்லை. 1877 சனவரி 1ஆம் நாள் விக்டோரியாவைப் பேரரசியாகப் பறைசாற்ற டில்லியில் பெருந்தர்பார் கூடிற்று. அதற்காகக் கவர்னரும் பஞ்சத்தின் நடுவில் சென்னையை விட்டு வடக்கே செல்ல நேர்ந்தது. போகாதிருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அரண்மனைப் பழக்கம் அவரை விடவில்லை போலும்.

டில்லியில் நடந்த ஆலோசனையின் விளைவாகச் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் வைசிராயின் சார்பில் தெற்கே அனுப்பப்பட்டார். டெம்பிள் என்னும் பெயர் இருவருக்கும் பொது; கொள்கை பொதுவன்று. இந்த டெம்பிள் 1874இல் வங்காள, பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை ஏராளமாக வரவழைத்து மக்களைச் சாவாமற் காத்தவர். அதற்காக ஊதாரி என்று இகழப்பட்டவர். அந்த இகழ்ச்சியைத் துடைக்க வேண்டுமென்றே தெற்கே வந்தார் போலும். நாள் முழுதும் மண் சுமக்கும் ஆடவனுக்கு ஒரு இராத்தல் தானியத்துக்கும் அற்பக் காசுக்கும் ஈடான கூலியே போதும் என்று வரையறுத்தார். சென்னை இராஜதானியின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். சிறைச்சாலையில் கடுங்காவல் கைதிக்கு அளிக்கும் உணவினும் இது குறைவு என்றும், இவ்வளவு உண்டு உழைப்பவன் மெல்லச் சாவான் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கோமகனாரோ தொடக்கத்தில் டெம்பிளின் அளவையே நடைமுறைப்படுத்தினார். மேலிடத்தின் சொல்லை மீறுவது அவர் இயல்பன்று. செலவைக் குறைப்பதும் அவருக்குப் பிடித்ததே. இந்தச் சில மாதங்களே அவர் வாழ்க்கையின் பெருங்குறை என்று நாம் தயங்காது கூறுவோம். கார்னிஷின் கணக்கு மெய்யாகி முகாம்களில் சாவு மிகுந்தபின், 1877இல் சென்னை அரசாங்கம் படியை ஓரளவு உயர்த்தி அதனோடு பருப்பும் சேர்த்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

ஆனால் 1877 ஆகஸ்டில் அவர் செய்த காரியம் வேறு வகையானது. தென்மேற்குப் பருவம் மீண்டும் தளர்ந்தது கண்டு, சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டித் தாமே தலைமை தாங்கினார். இந்திய அரசாங்கத்தின் விருப்பத்தை எதிர்நோக்காமல், இங்கிலாந்து மக்களின் உதவியை வேண்டி இலண்டன் மேயருக்குத் தந்தி அனுப்பச் செய்தார். அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவந்த லிட்டனுக்கு இஃது அவமதிப்பாகப் பட்டது. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் பள்ளிச் சிறுவரும் ஈந்த காசு பல இலட்சம் பவுனாகத் திரண்டது. விதை நெல் வாங்கவும், ஏர்மாடு வாங்கவும், கூரை வேயவும் அப்பணம் பயன்பட்டது. ஆகஸ்டு இறுதியில் லிட்டன் நேரே சென்னைக்கு வந்தார். இருவருக்குமிடையே நடந்த வாதத்தின் முடிவில், பஞ்ச நிர்வாகத்தைக் கோமகனார் தம் நேர்ப்பொறுப்பில் எடுத்துக்கொள்ள இசைவு ஏற்பட்டது. அச்சமயம் இராஜதானியில் அரசாங்க உதவியை நம்பியிருந்தோர் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்.

பின்பு மழை பெய்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. பசியில் மெலிந்த உடல்கள் அதைத் தாங்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேல் என்பது பின்னர் அமைந்த பஞ்சக் கமிஷனின் மதிப்பு. பெரும்பகுதியினர் நம் இராஜதானியைச் சேர்ந்தோர்.

இனிக் கால்வாய்க்கு வருவோம். அதனைத் தொடக்கத்தில் வெட்டியவர் கோமகனார் அல்லர். பேசில் கோக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டி 1806இல் முடித்தார். கோக்ரேன் கால்வாய் என்பதே அதன் பழம்பெயர். அது பிறகு பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டு வடக்கும் தெற்கும் படிப்படியாக நீட்டிற்று. இடையில் ஒரு குறை இருந்தது. வடக்கேயிருந்து வரும் படகு கூவத்தோடு நின்றுவிடும். தெற்கே செல்லும் கால்வாய் அடையாற்றிலிருந்து தொடங்கும். நகரத்தின் ஊடே அவ்விரண்டையும் இணைக்கும் ஐந்து மைல், அதாவது 8 கிலோமீட்டர் நீளம், வெட்டப்படாமற் கிடந்தது. 1877, 1878ஆம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக அதனை வெட்டினர். வெட்டியோர் ஊரைத் துறந்து வந்த உழவரும் அவர்தம் மனைவி மக்களும். ஆடவர் மண்வெட்டி பிடித்தனர். பெண்டிரும் சிறுவரும் கூடை சுமந்தனர். மாலையில் கூலி கிடைத்தது. 1878இல் கால்வாய் முழுவதற்கும் கவர்னரின் பெயர் சூட்டப்பட்டது.

பண்ணையில் பாலுக்கும் நிலக்கரிக்கும் பாதை இட்ட மனிதருக்கு இக்கால்வாய் உவப்பளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தானியம் கடற்கரையில் குவிய, உள்ளே மக்கள் பசித்திருந்த கொடுமையைக் கண்டவர் அல்லவா? கிருஷ்ணையாற்றை அடுத்த பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீர்வழி ஒன்றாயிணைந்தது. பழவேற்காட்டுக்கு அது நல்வாழ்வு தந்தது. ஏரியின் கிளிஞ்சற் சுண்ணாம்பும், ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகும், கருவாடும், உப்பும் படகேறிச் சென்னைக்குச் சென்றன. நெல்லும் துணியும் திரும்பி வந்தன. கரையில் மனிதரே கயிறு கட்டி இழுத்துச் செல்ல, படகுகள் இரவு பகலாய் ஊர்ந்தன. 1934இல் தெற்குப் பகுதியில் அவ்வாறு இழுக்கப்பட்ட படகில் மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன், இழுத்தவரின் துயரைக் கண்டு மாவலிபுரச் செலவு என்னும் பாட்டை இயற்றினார். வெட்டினவரைப் போலவே இழுத்தவரும் பெயரற்றவரே.

1960களின் புயல்களும் 1976ஆம் ஆண்டின் புயலும் கால்வாயைத் தூர்த்துவிட்டன. சாலையும் இரயிலும் சரக்கைப் பறித்துக்கொண்டன. சென்னைக்குள் அது சாக்கடையாகி, அதன்மேல் பறக்கும் இரயிலின் தூண்கள் நின்றன. ஆயினும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கரையேறிய நீரைப் பல இடங்களில் இக்கால்வாயே உள்வாங்கி அலையின் வேகத்தைத் தணித்தது. இது வெட்டியவர் எவரும் எண்ணாத பயன்.

கோமகனார் 1880 டிசம்பரில் சென்னையை விட்டு நீங்கினார். தாயகத்தில் 1885இல் மறுமணம் புரிந்தார். 1886 முதல் பிரபுக்கள் சபையில் குழுக்களின் தலைவராயிருந்தார். 1889 மார்ச்சு 26ஆம் நாள் காலமாகி, வோட்டனில் அடக்கம் செய்யப்பட்டார். ஸ்டோ மாளிகை 1921இல் விற்கப்பட்டு, 1923 முதல் பள்ளிக்கூடமாயிற்று. அவர் இட்ட சிறு இரயில் பாதை 1935இல் மூடப்பட்டது. பெரம்பூரில் அவர் பெயர் தாங்கி 1876இல் தொடங்கி, கர்னாடிக் ஆலையோடு இணைந்து, நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற பக்கிங்காம் ஆலையும் 1996இல் மூடப்பட்டது.

இக்கட்டுரையை முடிக்குமுன் மீண்டுமொருமுறை பழவேற்காடு சென்றோம். பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் வலை முடைந்துகொண்டிருந்தார். அவருடைய பாட்டனார் சொன்ன இரண்டும் மெய்யே என்று கூறி, ஒரு இராத்தல் கணக்கையும் இலண்டனுக்கு அனுப்பிய தந்தியையும் விளக்கினோம். அவர் வியப்படையவில்லை. ஒரு இராத்தல் என்பது எத்தனை கைப்பிடி என்று மட்டும் கேட்டார், சொன்னோம். சற்றுநேரம் தம் கையைப் பார்த்திருந்தார். பின் அந்தத் துரைக்கு ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று வினவினார். பெண்கள் மூவரே என்றும், கோமகன் பட்டம் அவரோடு முடிந்தது என்றும் சொன்னோம். மறுநாள் அவருடைய பாடு. வலையின் கிழிசல் இன்னும் பாதி எஞ்சியிருந்ததால், நம்மை உட்காரச் சொல்லிவிட்டு அவர் மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார்.